எழுந்து போன ட்ராக்

நல்லாங்குறிச்சிக் கல்லூரி மைதானத்தில் முப்பத்தோரு வருஷம் ஆடாமல் அசையாமல் படுத்துக் கிடந்த ஓட்டப்பாதை, ஒரு வியாழக்கிழமை விடியும் நேரத்தில் எழுந்து ஊருக்குள் போய்விட்டது. மழை கரைத்தது என்று சொல்ல வழியில்லை, ஆறு மாசமாக அந்தப் பக்கம் மழையே கிடையாது; யாரோ அழித்துவிட்டார்கள் என்றும் சொல்ல முடியாது, அழித்த பொருள் இப்படி முழுசாக இன்னொரு இடத்தில் இருக்காது. சுண்ணாம்பில் போட்ட எட்டு லேனும், புறப்படும் கோடும், முடியும் கோடும், ரிலேக்காரர்கள் குச்சி மாற்றும் கட்டங்களும் சிந்தாமல் சிதறாமல் சந்தைத் தெருவில் இறங்கி, அம்மன் கோயிலின் பின்பக்கம் வளைந்து, பஸ் ஸ்டாண்டை ஊடே கடந்து, ரேஷன் கடை வாசலில் வந்து சேர்கிற மாதிரி, அதே நானூறு மீட்டராக, அதே இடப்பக்கச் சுற்றாக ஊர்மேல் படுத்துக்கொண்டன. குறுக்கே சுவர் வந்த இடத்தில் சுவரேறி, மாடி வந்த இடத்தில் காயப்போட்ட வற்றலைக் கடந்து, அந்தப் பக்கம் இறங்கி, போகிற போக்கில் ஒரு வீட்டு அடுப்படியையும் மூன்றாவது லேனில் சேர்த்துக்கொண்டிருந்தன.

பால் வாங்கப் போனவர்கள்தான் முதலில் மிதித்தார்கள். மிதித்தவர்கள் ஓடினார்கள். கையில் தூக்குச்சட்டி இருந்தாலும் சரி, இடுப்பில் பிள்ளை இருந்தாலும் சரி, கோட்டுக்குள் கால் வைத்த யாரும் முடியும் கோடு வரைக்கும் ஓடித்தான் ஆகவேண்டும். அதைத் தாண்டியதும் கால் தன்னால் நடைக்கு வந்துவிடும். இரண்டு நாள் ஊர் கன்னாபின்னாவென்று திட்டியது. மூன்றாம் நாள், ரேஷன் கடை வாசலில் மூச்சு வாங்க நிற்கிறவர்களுக்கு ஒருத்தி மோர்ப்பானையை இறக்கினாள். நாலாம் நாள் மீன்காரிகள் எந்த லேனில் ஏறினால் எந்தத் தெருமுனையைச் சீக்கிரம் பிடிக்கலாம் என்று கணக்குப் போட்டு வைத்துக்கொண்டார்கள். வடக்குத் தெருவில் ஒரு பெரியவர் செத்துப்போக, பாடையைத் தூக்கியவர்கள் தெரியாமல் ஐந்தாவது லேனில் ஏறிவிட்டார்கள். உயிரோடு இருந்தவரைக்கும் ஒரு கல்யாணத்துக்குக்கூட நேரத்துக்குப் போகாத மனுஷன், சுடுகாட்டுக்கு வெட்டியான் வருவதற்கு முன்னாலேயே போய்ச் சேர்ந்தார். அடுப்படிக்காரம்மா மட்டும் சாம்பார் தாளிக்கும்போது எவனாவது குறுக்கே ஓடுகிறான் என்று புலம்பினாள், பிறகு அவளும் ஓடுகிறவன் கையில் கறிவேப்பிலை வாங்கிவரச் சொல்லிக் காசு கொடுத்துவிடப் பழகிக்கொண்டாள். பத்து நாளில் பேரூராட்சி கூடி, கோட்டின்மேல் வண்டி நிறுத்தக்கூடாது என்று தீர்மானம் போட்டது. அவ்வளவுதான், ட்ராக் ஊருக்கு ஆகிவந்துவிட்டது.

ஆகாமல் போனது ஒருத்திக்குத்தான். அந்த வியாழக்கிழமை ஐந்தேகால் மணிக்கு வழக்கம்போலக் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே போன மீனலோசனி, அந்தக் கல்லூரியின் உடற்கல்வி இயக்குநர், ஊர் முழுக்கப் பி.டி. மேடம் என்று கூப்பிடுகிறவள், வெறும் செம்மண்ணைப் பார்த்துக்கொண்டு கையில் சாவிக்கொத்தோடு அப்படியே நின்றாள். அவள் வந்து சேர்ந்தபோது அது உடைமரக் காடு. முள் வெட்டி, வேர் பறித்து, கல் பொறுக்கி, ஓடுகிற பிள்ளைகளையும் சேர்த்துக்கொண்டு மண் அடித்து, அவளாகவே டேப் பிடித்து அளந்து கோடு போட்டாள். அதற்கப்புறம் ஒவ்வொரு வருஷமும், விளையாட்டு விழாவுக்கு மூன்று நாளைக்கு முன்னால், சுண்ணாம்பு வாளியோடு பின்பக்கமாகவே நடந்து எட்டுக் கோட்டையும் புதுப்பிப்பாள், பியூனிடம்கூடக் கொடுக்கமாட்டாள். பெண் கேட்டு வந்தவர்களிடம், "நான் வந்துட்டா இதுக்கு யாரு சுண்ணாம்பு போடுவா?" என்று கேட்டே திருப்பி அனுப்பினாள். முதலில் அது சாக்காகத்தான் இருந்தது, போகப் போக உண்மையாகிவிட்டது. இன்னும் இரண்டு மாசத்தில் அவளுக்கு ஓய்வு. அந்த மைதானத்தை ஒரு கோடும் கலையாமல் அடுத்த ஆள் கையில் ஒப்படைத்துவிட்டுப் போகவேண்டும், அது ஒன்றுதான் அவள் ஆசை.

தன் அளவில்தான் ஏதோ பிசகு, அதனால்தான் ட்ராக் கோபித்துக்கொண்டது என்று நினைத்தாள். டேப்பை எடுத்துக்கொண்டு ஊருக்குள் போய், கோட்டுக்குள் கால் வைக்காமல் ஓரமாகவே சுவர்மேலும் மாடிமேலும் ஏறி இறங்கி அளந்து பார்த்தாள். நானூறு மீட்டர், ஒரு விரற்கடைகூட அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. விசில் ஊதிப் பார்த்தாள். விடிகாலையில் தனியாக வந்து, யாரும் பார்க்காதபோது குனிந்து, வா, போதும், வீட்டுக்கு வா என்று சொல்லியும் பார்த்தாள். அது அசையவில்லை.

ஆனாலும் ஊர் அவளை விடவில்லை. உள் லேன்காரனுக்கும் வெளி லேன்காரனுக்கும் சண்டை வந்தால் அவளைத்தான் கூப்பிட்டார்கள், வளைவில் எப்படித் திரும்பவேண்டும் என்று மீன்காரிகளுக்கு அவள்தான் சொல்லிக் கொடுத்தாள், ஓடி ஓடிச் சுகர் குறைந்தவர்கள் எல்லாம் ரிப்போர்ட்டைக் கொண்டுவந்து அவளிடமே நீட்டினார்கள். முப்பத்தோரு வருஷத்தில் எட்டிப் பார்க்காத ஊர் இப்படி மேடம் மேடம் என்று சுற்றிவரும்போது, மனசு கொஞ்சம் குளிரத்தான் செய்தது. பொய் சொல்வானேன், சந்தோஷமாகத்தான் இருந்தாள். பாவி மகள், அதையும் அனுபவித்துத் தொலைத்தாள்.

பாராட்டு விழா வேறு வரவிருந்தது. அதை ஏற்பாடு செய்தது பிரின்சிபால் தவசிமுத்து. தவசிமுத்து யாரென்றால், இருபத்தாறு வருஷத்துக்கு முன்னால் செருப்பில்லாமல் அந்த மைதானத்துக்கு வந்து, நாலு பேர் ஆளுக்கு நூறு மீட்டர் ஓடுகிற நாலு நூறு ரிலேயில் கடைசி ஆளாக ஓடிப் பல்கலைக்கழகத்துக்கே பதக்கம் வாங்கிக் கொடுத்தவன். அவனுக்கு முதல் ஷூ வாங்கித் தந்தது அவள், விளையாட்டு ஒதுக்கீட்டில் சீட்டு வாங்க அலைந்தது அவள், அப்பா இல்லாத அவன் கல்யாணத்தில் மாப்பிள்ளை வீட்டு வரிசைத் தட்டை ஏந்தி வந்ததும் அவள்தான். படித்து வாத்தியாராகிப் பிரின்சிபாலாகவும் ஆன பிறகு, ஊரே அவனை சார் என்றபோதும் அவளுக்கு மட்டும் அவன் தவசிதான்.

புதன்கிழமை சாயங்காலம், ட்ராக் போவதற்கு முந்தின நாள், அவன்தான் மைதானத்துக்கு வந்தான். அப்போது பேச்சியம்மா ஓடிக்கொண்டிருந்தாள். எம்.ஏ. இரண்டாம் வருஷம், கல்யாணமாகி, ஒரு பிள்ளை பெற்று, மாமியாரோடு மல்லுக்கட்டி மறுபடியும் ஷூ மாட்டிக்கொண்டு வந்தவள். எண்ணூறு மீட்டர். அடுத்த மாசம் நடக்கிற பல்கலைக்கழகப் போட்டியை விட்டால் வயசு தாண்டிவிடும், பிறகு அவளை யாரும் ஓடக் கூப்பிடமாட்டார்கள். மீனலோசனி வலது கையில் ஸ்டாப் வாட்சோடு, கண்ணை அவள்மேலிருந்து எடுக்காமல் நின்றாள். தவசிமுத்து பின்னாலிருந்து, "மேடம், கை" என்றான்.

இதைக் கொஞ்சம் விளக்கித்தான் ஆகவேண்டும். நாலு நூறு ரிலேயில் குச்சி வாங்குகிறவன் திரும்பிப் பார்க்கக்கூடாது, பார்த்தால் வேகம் செத்துவிடும். பின்னால் வருகிறவன் "கை" என்று குரல் கொடுப்பான், முன்னால் போகிறவன் கையைப் பின்னுக்கு நீட்டவேண்டும், கையில் வைப்பதைப் பிடித்துக்கொண்டு போய்க்கொண்டே இருக்கவேண்டும். திரும்புகிறவனைப் பாதி மைதானம் தூரத்திலிருந்தே அவள் வைது தீர்த்துவிடுவாள். வைக்கிறவனை நம்பு, அவன் கெடுக்கமாட்டான் என்று தவசிமுத்துவுக்கும் அவள்தான் ஆயிரம் தடவை சொல்லிக் கொடுத்திருந்தாள். ஆகவே அவன் "கை" என்றதும் அவளுடைய இடது கை தானாகப் பின்னால் போனது. பேனா வந்தது. விழாவுக்கு உங்க சம்மதம் மேடம் என்றான். அவள் இடக்கைக்காரிதான், பேச்சி இரண்டாவது வளைவில் திரும்பிக்கொண்டிருக்க, அவன் பக்கவாட்டில் பிடித்த அட்டையில், பார்க்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டாள்.

விஷயம் வெளியே வந்தது டீக்கடையில். விழாவுக்கு இரண்டு நாள் இருந்தது. என்னதான் செய்தாலும் இந்த ட்ராக் திரும்பி வரமாட்டேன் என்கிறதே என்று மீனலோசனி அலுத்துக்கொண்டாள். டீக்கடை வேலாண்டி டம்ளரைக் கழுவிக்கொண்டே, "எடம்தான் மஹாலுக்குப் போயிட்டுதே மேடம், பெறகு அது எங்க வந்து படுக்கும்?" என்றார். எந்த மஹால் என்று கேட்டாள். அவர் கை நின்றுவிட்டது. உங்க பேரில் கட்டுகிறார்களே அதுதான் என்று இழுத்தார், அப்புறம் பால் பொங்குகிறதென்று பொங்காத பாலைப் பார்க்கப் போனார்.

மீனலோசனி திருமண மஹால். கீழே சாப்பாட்டுக் கூடம், மேலே ஏசி ஹால், முன்னால் நூறு கார் நிறுத்த இடம். மைதானம் கல்லூரிக்கு இனித் தேவைப்படாது என்று உடற்கல்வி இயக்குநரே எழுதிக் கொடுத்தாயிற்று, நிர்வாகம் ஒப்புக்கொண்டாயிற்று, பழைய மாணவர்கள் நூற்றுப் பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்டாயிற்று. மேலே மேடம் கையெழுத்து இருந்தது, அதைப் பார்த்துத்தான் போட்டோம் என்றான் ஒருவன் போனில். நீங்களே கொடுத்துட்டீங்களே என்று நாங்களும் வருத்தப்பட்டோம் மேடம் என்றாள் ஒருத்தி. மோர்க்காரிக்குத் தெரியும், மீன்காரிகளுக்குத் தெரியும், அடுப்படிக்காரம்மா தன் மகள் கல்யாணத்துக்கு அந்த மஹாலில் தேதிகூடச் சொல்லி வைத்திருந்தாள். கல்யாணமே வேண்டாம் என்று மண்ணைக் கட்டிக்கொண்டவள் பேரில் கல்யாண மண்டபம். ஊரே அறிந்த சேதியை அறியாமல், அந்த ஊருக்கு வளைவில் திரும்பச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருந்தாள் அவள். நேரே பிரின்சிபால் அறைக்குப் போனாள்.

தவசிமுத்து எழுந்து நின்றான், அவள் உட்கார்ந்த பிறகே உட்கார்ந்தான், காபி சொல்லி அனுப்பினான். மரியாதைக்கு ஒரு குறையும் வைக்கவில்லை. மைதானத்தால் கல்லூரிக்கு என்ன பிரயோசனம், உங்களுக்கு அப்புறம் அங்கே யார் ஓடப்போகிறார்கள், உங்கள் பெயர் காலத்துக்கும் நிற்கட்டும் என்றுதான் நான் போராடி அந்தப் பெயரை வைக்கச் சொன்னேன் என்றெல்லாம் நிதானமாகப் பேசினான். முழுவதையும் கேட்டுவிட்டு அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"நான் கையை நீட்டுனேன் தவசி. நீ என்னத்த வச்ச?"

அவன் மேஜைமேலிருந்த கண்ணாடிக் குண்டை உருட்டினான். அப்புறம் சொன்னான்:

"நீங்க திரும்பிப் பாத்திருக்கலாமே மேடம்."

அந்த நிமிஷம் அவளுக்கு ஏற்பட்டதை வலி என்று சொன்னால் பத்தாது. தான் பெற்ற பிள்ளை நடு வீட்டில் வைத்து வாயில் அடித்த மாதிரி இருந்தது. காபி வந்தது. அவள் குடிக்கவில்லை.

விழாவுக்குப் போகாமல் இருந்திருக்கலாம். ஆனால் மைக் கையில் வரும், அத்தனை பேர் முன்னாலும் இவன் என்னை ஏமாற்றிக் கையெழுத்து வாங்கினான் என்று ஒரே ஒரு வாக்கியம் சொல்லிவிட்டால் போதும், நூற்றுப் பன்னிரண்டு பேரும் எழுந்து நிற்பார்கள், மைதானம் மீண்டுவிடும் என்று நம்பினாள். இரண்டு நாளும் அந்த வாக்கியத்தைச் சொல்லிச் சொல்லிப் பார்த்தாள்.

வெறும் செம்மண்ணில் பந்தல் போட்டிருந்தார்கள். காலை பத்து மணி. பொன்னாடை மேல் பொன்னாடையாக விழுந்தது. தலைமைப் பண்பு என்றார்கள், தன்னலமற்ற சேவை என்றார்கள், வாழ்த்துமடலை ஒரு தமிழய்யா ராகம் போட்டு வாசித்தார், மஹாலின் படத்தைப் பெரிய திரையில் காட்டினார்கள், எல்லாரும் கைதட்டினார்கள். தவசிமுத்துவுக்குப் பேசும்போது குரல் தழுதழுத்தது, அது நடிப்பில்லை என்பதுதான் கொடுமை. பிறகு, தற்போதைய வீராங்கனை பூங்கொத்து வழங்குவார் என்று அறிவித்தார்கள். பேச்சியம்மா மேடையேறினாள். ட்ராக் போன நாளிலிருந்து அவள் பயிற்சிக்கு வரவில்லை. ட்ராக் இல்லாததால் வரவில்லை என்றே மீனலோசனி நினைத்திருந்தாள். பூங்கொத்தை நீட்டியவள் மைக் பக்கத்தில் இருக்கிறது என்பதைக்கூட யோசிக்காமல் கேட்டாள்:

"நீங்க கையெழுத்துப் போட்டீங்களா மேடம்?"

பந்தல் முழுக்க அது கேட்டது. பழைய மாணவர்கள் நிமிர்ந்தார்கள், தவசிமுத்து நாற்காலியில் முன்னால் நகர்ந்தான். இதைவிட நல்ல இடம் அந்த வாக்கியத்துக்குக் கிடைக்காது. மீனலோசனி வாயைத் திறந்தாள்.

"போட்டேன். பாக்காமப் போட்டுட்டேன்."

"கோட்டைத் தெரியாம மிதிச்சேன்னு நான் அழுதப்போ நீங்க என்ன சொன்னீங்க மேடம்?"

என்ன சொன்னாள் என்பது அங்கிருந்த அத்தனை பேருக்கும் தெரியும், அத்தனை பேரையும் அவள் ஒரு தடவையாவது அதைச் சொல்லி வெளியே அனுப்பியிருக்கிறாள். தெரிந்து மிதித்தாலும் தெரியாமல் மிதித்தாலும் ஃபவுல் ஃபவுல்தான், வெளியே போ. தயார் செய்து வைத்திருந்த வாக்கியத்தை விட்டுவிட்டாள். அவன் ஏமாற்றினான் என்பது நிஜம். தான் பார்க்கவில்லை என்பதும் நிஜம். பொன்னாடைகளை ஒவ்வொன்றாகக் கழற்றி நாற்காலியில் மடித்து வைத்தாள். மேடையை விட்டு இறங்கினாள், பந்தலின் நடுவே நடந்து கேட்டுக்கு வெளியே போனாள். யாராவது ஒருத்தர் எழுந்து நிற்பார்கள் என்று கேட் வரைக்கும் எதிர்பார்த்தாள். அடுத்து நன்றியுரை என்று மைக்கில் கேட்டது.

அன்று மத்தியானம் சந்தைத் தெருவுக்கு வந்தபோதுதான் அது தெரிந்தது. அவள் முதல் லேனில் கால் வைக்கப் போனாள், கோடு விலகிக்கொண்டது. இன்னொரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு விலகியது. ஆட்டுக்கும் மாட்டுக்கும் மீன்கூடைக்கும் பாடைக்கும் இடம் கொடுத்த ட்ராக் அவளுக்கு மட்டும் இடம் கொடுக்கவில்லை. ஊர் இதையும் சீக்கிரமே பழகிக்கொண்டது. மூன்றாம் நாளே அடுப்படிக்காரம்மா, மாவு ஆட்டும் வரைக்கும் வாசலில் கொஞ்சம் நின்றுவிட்டுப் போங்க மேடம், கோடு அந்தப் பக்கமாக ஒதுங்கி இருக்கும் என்று ஆள் அனுப்பினாள். அவள் போய் நின்றாள். வேறு வேலையும் இல்லை. அங்கே நின்றபோதுதான், தான் ஒரு எட்டு வைத்தால் ஒரு கோடு மட்டும் விலகவில்லை, எட்டு லேனும் சேர்ந்து, அந்தக் கடைசியில் ரேஷன் கடை வரைக்கும், ஒரு எட்டு நகர்கிறது என்பதைக் கவனித்தாள்.

மறுநாள் விடிந்ததும் வாத்துக்காரன் வாத்துகளைப் பத்துகிற மாதிரி அவள் ட்ராக்கைப் பத்த ஆரம்பித்தாள். இந்த வளைவில் பத்தடி தள்ளிவிட்டு, சுற்றிப் போய் அந்த வளைவில் பத்தடி தள்ளினாள். இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் போய் நின்றாள். ட்ராக் சுவரிலிருந்து இறங்கியது, மாடியிலிருந்து இறங்கியது, அடுப்படியை விட்டது, பஸ் ஸ்டாண்டை விட்டது. ஊர் திரண்டு பின்னால் வந்தது. எங்கள் ட்ராக்கை எங்கே கொண்டுபோகிறீர்கள் என்று மீன்காரிகள் மறித்தார்கள், சுகர்காரர்கள் ரிப்போர்ட்டை ஆட்டினார்கள், மோர்க்காரி மண்ணை வாரித் தூற்றினாள். வேலாண்டி குறுக்கே வந்து நின்று, "மேடம், ஊருக்குத் துரோகம் பண்ணாதீங்க" என்றார். மீனலோசனிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பல நாளைக்கு அப்புறம் வந்த சிரிப்பு, சீக்கிரம் நிற்கவில்லை. சிரித்துக்கொண்டே அவரைச் சுற்றிக்கொண்டு போனாள்.

உச்சிவெயில் வந்தது, சாய்ந்தது. ஊருக்குத் தெற்கே தண்ணீர் வற்றிக் கெட்டித்தட்டிக் கிடந்த குளத்துக்குள் ட்ராக்கை இறக்கும்போது மணி நாலரை இருக்கும். அடுப்படி வாசலில் நின்ற நாளில் மீனலோசனி காதில் விழுந்திருந்தபடி, அங்கேதான் பேச்சியம்மா இத்தனை நாளும் தனியாக ஓடிக்கொண்டிருந்தாள், அளவும் கிடையாது கோடும் கிடையாது, வெறும் வெடிப்பு மண்ணில். மண்மேல் ஊர்ந்து வந்த வெள்ளைக் கோடுகள் அவள் காலடியில் வந்து படுத்தன. குனிந்து தொட்டுப் பார்த்தாள். தலையைத் தூக்கி, கரையில் நிற்கிறவளைப் பார்த்தாள்.

"உள்ள வாங்க" என்றாள் பேச்சி. கோபம் தீர்ந்த குரல் இல்லை அது.

மீனலோசனி கரையிலிருந்து இறங்கி ஒரு எட்டு வைத்தாள். எட்டு லேனும் ஒரு எட்டு பின்வாங்கின. பேச்சியின் காலுக்குக் கீழேயிருந்து கோடு நழுவியது. இன்னொரு எட்டு வைத்தாள், இன்னொரு எட்டு நழுவியது. பேச்சி அதைப் பார்த்தாள், அவள் முகத்தைப் பார்த்தாள், திரும்பவும் கோட்டைப் பார்த்தாள்.

"சரி, அங்கயே நில்லுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு, புறப்படும் கோட்டுக்கு நடந்து போனாள்.

மீனலோசனி பின்னால் நகர்ந்து கரையில் ஏறி நின்றுகொண்டாள்.